ஆர்வி-யில் இன்வெர்ட்டர் வழியாக ஃப்ரிட்ஜ் ஓடவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஆர்வி-யில், அதாவது தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியில், ஃப்ரிட்ஜ் நின்றுபோனால் முதலில் திட்டு வாங்குவது பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர்தான். பெரும்பாலும் அதன் மேல் தப்பு இருக்காது. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே ஓடும் சில அடி கேபிள், அதன் முனைகளில் இருக்கும் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்), வழியில் இருக்கும் ஃப்யூஸ், இந்த மூன்றில்தான் கோளாறு ஒளிந்திருக்கும். ஆகவே புது இன்வெர்ட்டருக்குக் காசு போடுவதற்கு முன் ஒரே ஒரு அளவை எடுத்துவிடுங்கள்: கம்ப்ரசர் கிளம்பும் அந்த நொடியில் இன்வெர்ட்டரின் டிசி (பேட்டரி பக்க) டெர்மினலில் எத்தனை வோல்ட் நிற்கிறது? கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த எண்ணிலேயே விடை தெரிந்துவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க ஆர்வி-களுக்கு. அதாவது 12 வோல்ட் பேட்டரி, 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் ஏசி.

ஃப்ரிட்ஜ் எந்த வகை என்று முதலில் பாருங்கள்

பின்பக்கம் கறுப்பு உருண்டையாகக் கம்ப்ரசர் இருந்து, வயர் 120 வோல்ட் பிளக்கில் முடிந்தால் அது வீட்டு ஃப்ரிட்ஜ் வகை. இந்த வழிமுறை அதற்குத்தான்.

கம்ப்ரசர் இல்லாமல் வளைந்த குழாய்களும் புரொப்பேன் பர்னரும் இருந்தால் அது அப்ஸார்ப்ஷன் ஃப்ரிட்ஜ். டொமெட்டிக், நார்கோல்ட் பெயர்களில் ஆர்வி-களில் காலங்காலமாக வருவது. கரண்டில் ஓடும்போது அது குளிர்விப்பது ஹீட்டரின் சூட்டை வைத்து. அந்த ஹீட்டர் 300 முதல் 400 வாட் வரை கிட்டத்தட்ட ஓயாமல் இழுக்கும். 325 வாட் என்று வைத்துக்கொண்டால் இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து பேட்டரியிலிருந்து 31 ஆம்ப் போகும். 100 ஆம்ப்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால் ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்தது. இதை இன்வெர்ட்டரில் ஓட்ட முயற்சி செய்யாதீர்கள். கேஸில் வையுங்கள்.

மூன்றாவது வகை, நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ். அதற்கு இன்வெர்ட்டரே வேண்டாம். இன்னும் எதுவும் வாங்கவில்லை, ஃப்ரிட்ஜ் ஒன்றுக்காகத்தான் இன்வெர்ட்டர் என்றால், எங்கள் அபிப்பிராயம் இந்த மூன்றாவது வகையை வாங்குங்கள் என்பதுதான்.

கையில் வேண்டியவை

ட்ரூ ஆர்எம்எஸ் (அலை எப்படி இருந்தாலும் சரியான வோல்ட் காட்டும்) மல்டிமீட்டர் ஒன்று. குறைந்தபட்ச, அதிகபட்ச எண்ணைப் பதிவு செய்யும் மின்/மேக்ஸ் (Min/Max) பட்டன் அதில் கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் கம்ப்ரசர் அரை நொடியில் கிளம்பிவிடும், கண்ணால் பார்த்து எண்ணைப் பிடிக்க முடியாது. டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று. ஹார்ட்வேர் கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பல ஏசி மட்டும்தான் அளக்கும், பார்த்து வாங்குங்கள். சுவர் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று. லேசர் தெர்மாமீட்டர் இருந்தால் வேலை சுலபம். மோதிரம், வாட்ச், உலோக பிரேஸ்லெட் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு பேட்டரிப் பெட்டியைத் திறங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் குறுக்கே மாட்டிய மோதிரம் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும்.

அடிப்படை அளவு எடுக்கும் முறை

ஃப்ரிட்ஜை ஐந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். மீட்டரை மின்/மேக்ஸில் போட்டு, இரண்டு முனைகளையும் இன்வெர்ட்டரின் டிசி போல்ட்டின் மேலேயே வையுங்கள். லக்கின் மேல் வைத்தால் போல்ட்டுக்கும் லக்குக்கும் நடுவே இருக்கும் கோளாறு தெரியாது. ஃப்ரிட்ஜை ஆன் செய்து கம்ப்ரசர் கிளம்பியதும் குறைந்தபட்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இதையே பேட்டரியின் ஈயக் கம்பத்தில், லித்தியம் என்றால் அதன் டெர்மினலில், மறுபடி செய்யுங்கள்.

இரண்டு இடத்திலும் வோல்ட் சரிந்தால் பேட்டரியில் பிரச்சினை. பேட்டரியில் 12.5 நின்று இன்வெர்ட்டரில் 11.2-க்குப் போனால் நடுவில் இருக்கும் கேபிளும் இணைப்பும்தான். இரண்டு இடத்திலும் 12-க்கு மேல் நின்றும் இன்வெர்ட்டர் படுத்துவிட்டால் மட்டும் அதன் மேல் சந்தேகப்படுங்கள்.

அறிகுறி 1: கம்ப்ரசர் கிளம்பும்போது இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஃப்ரிட்ஜ் ஓடும்போது 100 முதல் 200 வாட்தான். ஆனால் கிளம்பும்போது கம்ப்ரசர் இழுப்பது வேறு கணக்கு. கம்ப்ரசரின் உடம்பில் ஒட்டியிருக்கும் லேபிளில் எல்ஆர்ஏ (கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட்) என்று ஓர் எண் இருக்கும், பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்ப். 12 ஆம்ப் என்றால் 120 வோல்ட்டில் 1440 விஏ. அரை நொடிக்குள் முடிந்துவிடும், ஆனால் அந்த அரை நொடியை இன்வெர்ட்டர் தாங்கியாக வேண்டும். ஃப்ரிட்ஜின் உள்ளே ஒட்டியிருக்கும் பெரிய லேபிளின் ஆம்பை நம்பாதீர்கள். அது பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டரையும் சேர்த்துச் சொல்லும் எண், கம்ப்ரசர் கிளம்பும் கரண்ட் அதில் இல்லை.

இன்வெர்ட்டர் பெட்டியில் "1000 வாட், சர்ஜ் 2000" என்று போட்டிருக்கும். அந்த 2000 எத்தனை நேரம் என்று மேனுவலில் தேடுங்கள். எடை குறைந்த மலிவு மாடல்கள் சிலவற்றில் அது மில்லிசெகண்ட் கணக்கு, கம்ப்ரசருக்கு அது போதாது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கனமான மாடல்கள் பல நொடி தாங்கும். பத்து கன அடி அளவுள்ள ஃப்ரிட்ஜுக்கு உண்மையாகவே ஒரு நொடிக்கு மேல் 2000 தாங்கும் 1000 வாட் இன்வெர்ட்டர் போதும். சாம்சங், எல்ஜி போன்றவற்றின் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் மாடல்கள் மெதுவாக வேகம் எடுப்பவை, அவற்றுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

இப்போது கேபிள். அந்த அரை நொடியில் டிசி பக்கம் 150 ஆம்ப் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் பத்தடி தள்ளி இருக்கிறது. போக வர இருபது அடி. 4 கேஜ் கேபிள் போட்டிருந்தால் அதன் மின்தடை 5 மில்லி ஓம், இழப்பு 0.75 வோல்ட். அதே தூரத்துக்கு அதைவிடத் தடித்த 2/0 கேஜ் போட்டிருந்தால் 0.23 வோல்ட்தான். பேட்டரி ஏற்கெனவே லோடில் 11.6-க்கு இறங்கியிருந்தால், 4 கேஜ் கேபிள் இன்வெர்ட்டருக்கு 10.85 கொடுக்கும். பல இன்வெர்ட்டர்கள் 11 வோல்ட் அருகே கத்தத் தொடங்கி 10.5 அருகே வெட்டிவிடும். கத்தல் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா?

இன்வெர்ட்டரோடு பெட்டியில் வரும் கேபிளை எடுத்துக் குப்பையில் போடலாம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பாதி நேரம் அதுதான் சரி. அதன் முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது தாமிர முலாம் பூசிய அலுமினியம், அதே தடிமன் தாமிரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். வெள்ளீய முலாம் பூசிய மரைன் (படகு) கேபிளும் வெளியே வெள்ளியாக இருக்கும், அதைச் சுரண்டினால் உள்ளே செம்பு தெரியும். குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேபிள் தடிமனாக இருந்தும் வோல்ட் சரிகிறதா? அப்போது இணைப்புகள். இங்கே ஒரு சூட்சுமம். ஃப்ரிட்ஜ் சாதாரணமாக ஓடும்போது லக்கைத் தொட்டுப் பார்த்து "சூடு இல்லை, சரியாக இருக்கிறது" என்று முடிவு செய்யக் கூடாது. 130 வாட் ஃப்ரிட்ஜ் பேட்டரியிலிருந்து 12 ஆம்ப்தான் எடுக்கிறது. 5 மில்லி ஓம் கெட்ட இணைப்பில்கூட அது ஒரு வாட் சூட்டைக்கூடத் தராது. ஆனால் 150 ஆம்ப் நொடியில் அதே இணைப்பு 0.75 வோல்ட்டை விழுங்கிவிடும். எனவே வேண்டுமென்றே பெரிய லோடு கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜைக் கழற்றிவிட்டு, இன்வெர்ட்டரின் தாங்கும் அளவுக்கு உட்பட்ட ஹேர் டிரையரையோ சின்ன ரூம் ஹீட்டரையோ 800 முதல் 1000 வாட்டில் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். இப்போது 80 முதல் 100 ஆம்ப் ஓடும். மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வோர் இணைப்பின் குறுக்கேயும் அளந்துகொண்டே போங்கள்: பேட்டரிக் கம்பத்துக்கும் லக்குக்கும் நடுவே, லக்குக்கும் கேபிளின் செம்புக்கும் நடுவே, ஃப்யூஸின் இரு பக்கம், ஸ்விட்சின் இரு பக்கம், இன்வெர்ட்டர் போல்ட்டுக்கும் லக்குக்கும் நடுவே. நெகட்டிவ் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். நல்ல இணைப்பில் 10, 20 மில்லிவோல்ட் காட்டும். ஃப்யூஸும் ஸ்விட்சும் இயல்பாகவே சற்று அதிகம். வெறும் லக்கில் 50-ஐத் தாண்டினால் கழற்றிப் புதிதாகச் செய்யுங்கள்.

கழற்றும்போது அடிக்கடி கண்ணில் படுவது இது: லக்குக்கும் இன்வெர்ட்டரின் பித்தளைத் தட்டுக்கும் நடுவே ஒரு ஸ்டெயின்லெஸ் வாஷர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செம்பைவிடப் பல மடங்கு மோசமான கடத்தி. வாஷர் அங்கே உட்கார்ந்திருந்தால் மொத்தக் கரண்டும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். சரியான வரிசை: தட்டு, அதன் மேல் நேரடியாக லக், அதற்கு மேல் தட்டை வாஷர், ஸ்பிரிங் வாஷர், கடைசியில் நட். ஒரே போல்ட்டில் நாலைந்து லக் அடுக்கியிருந்தால் அதிகக் கரண்ட் ஓடும் இன்வெர்ட்டர் லக் அடியில் இருக்க வேண்டும், சின்ன வயர்கள் மேலே. லக்கைக் கேபிளோடு நசுக்கிச் சேர்ப்பதுதான் கிரிம்ப்; சுத்தியலால் அடித்த கிரிம்ப், வைஸில் நசுக்கிய கிரிம்ப் எதையும் நம்பாதீர்கள். ஹைட்ராலிக் கிரிம்பர் வாடகைக்குக் கிடைக்கும். இல்லாவிட்டால் கேபிளை அளவு சொல்லி லக் போட்டே வாங்குங்கள்.

இரண்டு பேட்டரி பேரலலில் இருந்தால், இன்வெர்ட்டரின் பாசிட்டிவ் ஒரு பேட்டரியிலிருந்தும் நெகட்டிவ் மற்றதிலிருந்தும் குறுக்காக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்திருந்தால் அந்த ஒன்றுதான் அதிகம் உழைக்கும், அதுதான் முதலில் சாகும்.

அறிகுறி 2: "டிக்" என்று சத்தம், கம்ப்ரசர் கிளம்பவில்லை, சில நிமிடம் கழித்து மறுபடி "டிக்"

அது கம்ப்ரசரின் ஓவர்லோடு ப்ரொடெக்டர். இரண்டு காரணம் சாத்தியம். ஒன்று, கரண்ட் ஒரு கணம் போய் உடனே வந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் நின்றதும் உள்ளே கேஸ் அழுத்தம் ஒரு பக்கம் உயர்ந்தே இருக்கும்; அந்த அழுத்தத்தை எதிர்த்து உடனே கிளம்ப முடியாது. ஐந்து நிமிடம் கரண்டை நிறுத்திவிட்டு மறுபடி போடுங்கள். கிளம்பிவிட்டால் ஃப்ரிட்ஜில் பழுது இல்லை. லோடு அதிகமானதும் நின்று தானாக மறுபடி ஆன் ஆகும் இன்வெர்ட்டர்களில் இது சுற்றிச் சுற்றி வரும்.

இரண்டாவது, கிளம்பும்போது ஏசி வோல்ட் சரிகிறது. ஃப்ரிட்ஜ் பிளக்கில் மின்/மேக்ஸ் அளவெடுங்கள். 100-க்குக் கீழே இறங்கினால் அறிகுறி 1-க்குத் திரும்புங்கள். கேம்ப்கிரவுண்டில் வெளியிலிருந்து எடுக்கும் கரண்டிலும் இதே டிக் சத்தம் என்றால் ஃப்ரிட்ஜின் ஸ்டார்ட் ரிலேதான், மாற்றிவிடலாம், விலையும் குறைவு.

அறிகுறி 3: இன்வெர்ட்டர் ஆன், ஃப்ரிட்ஜில் உயிரே இல்லை, அல்லது விளக்கு நொடிக்கு நொடி மினுக்குகிறது

சர்ச் மோடு அல்லது ஈகோ மோடு ஆனில் இருக்கிறது. அதில் இன்வெர்ட்டர் தூங்கிக்கொண்டே, யாராவது கரண்ட் கேட்கிறார்களா என்று இடையிடையே ஒரு துடிப்பு அனுப்பிப் பார்க்கும். இன்றைய ஃப்ரிட்ஜின் போர்டு சும்மா இருக்கும்போது சில வாட்தான் எடுக்கும், அது இன்வெர்ட்டரின் கண்ணில் படாது. ஃப்ரிட்ஜ் மாட்டிய இன்வெர்ட்டரில் இந்த மோடை அணைத்துவிடுங்கள். பேட்டரி மிச்சமாகும் என்று நினைத்து இதைப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த பால் திரிந்தபின் தேடுபவர்கள் உண்டு.

மோடு சரி என்றால் இன்வெர்ட்டரின் உடம்பிலேயே இருக்கும் ஜிஎஃப்சிஐ (கரண்ட் கசிந்தால் வெட்டும் பாதுகாப்பு) பட்டனும் ஏசி பிரேக்கரும் ட்ரிப் ஆகியிருக்கிறதா பாருங்கள். ரிமோட் பேனலில் பச்சை விளக்கு எரிவதால் பிளக்கில் கரண்ட் வருகிறது என்று அர்த்தமில்லை.

அறிகுறி 4: ராத்திரி நிறைந்திருந்த பேட்டரி விடிவதற்குள் காலி

முதலில் கணக்கு. ஃப்ரிட்ஜின் மஞ்சள் எனர்ஜி கைடு லேபிளில் வருடத்துக்கு எத்தனை கிலோவாட்-அவர் என்று இருக்கும். 300 என்றால் ஒரு நாளைக்கு 820 வாட்-அவர். வெயிலில் நிற்கும் ஆர்வி-க்குள் 30 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள், 1070. இன்வெர்ட்டரின் திறன் 88 சதவீதம் என்றால் 1210. இதோடு இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருப்பதற்கே எடுப்பது: 20 வாட் என்றால் 24 மணி நேரத்துக்கு 480. மொத்தம் 1690 வாட்-அவர், 12.8 வோல்ட்டில் 132 ஆம்ப்-அவர்.

6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரி இரண்டை சீரிஸில் போட்டால் 225 ஆம்ப்-அவர், எடுக்கத்தக்கது பாதி, 112. ஒரு நாள்கூடத் தாங்காது, நான்கு வேண்டும். 200 ஆம்ப்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் ஒரு நாள் போக மிச்சமும் இருக்கும். உங்கள் பேட்டரி இந்தக் கணக்குக்கே பற்றவில்லை என்றால் கோளாறு எதுவும் இல்லை, கொள்ளளவுதான் குறைவு.

கணக்கில் அந்த 480-ஐக் கவனியுங்கள். மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் இன்வெர்ட்டர் தன் வயிற்றுக்கே எடுத்துக்கொள்கிறது. 2000 வாட் இன்வெர்ட்டர்கள் சும்மா இருக்கும்போதே 20 முதல் 30 வாட் இழுப்பது சகஜம். ஃப்ரிட்ஜுக்கென்று தனியாகச் சின்ன 1000 வாட் ப்யூர் சைன் (வீட்டுக் கரண்ட் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டர், சும்மா இருக்கையில் 10 வாட் எடுப்பது, வாங்கி வைத்தால் இது 240-ஆகக் குறையும். மைக்ரோவேவுக்கான பெரியதை வேண்டும்போது மட்டும் ஆன் செய்தால் போதும். இரண்டு இன்வெர்ட்டர் வைப்பது வீண்செலவு என்று பலர் சொல்வார்கள். சோலாரை நம்பி நாள்கணக்கில் நிற்பவருக்கு அது வீண்செலவே அல்ல. 400 வாட் சோலார், நல்ல வெயில் நான்கு மணி நேரத்துக்குச் சமமாகக் கிடைத்தால், இழப்பெல்லாம் போகத் தோராயமாக 1200 வாட்-அவர்தான் தரும். 1690-ஐ அது எட்டாது. 1450-ஐயும் எட்டாது, ஆனால் பள்ளம் பாதியாகக் குறையும்.

கணக்குப்படி பேட்டரி போதும், ஆனாலும் சில மணி நேரத்தில் காலியாகிறது என்றால் வேறு ஏதோ சேர்ந்து குடிக்கிறது. கிளாம்ப் மீட்டரைப் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளில் மாட்டி, ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். 20 ஆம்ப், 30 ஆம்ப் இன்னும் ஓடினால் பெரும்பாலும் குற்றவாளி கன்வெர்ட்டர், அதாவது வெளிக்கரண்டில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பெட்டி. இன்வெர்ட்டரின் பிளக்கில் ஆர்வி-யின் ஷோர் வயரையே (முழு வண்டிக்கும் வெளிக்கரண்ட் எடுக்கும் வயர்) செருகியிருப்பார்கள். அப்போது ஆர்வி-யின் கன்வெர்ட்டர் "கேம்ப்கிரவுண்ட் கரண்ட் வந்துவிட்டது" என்று எண்ணிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யத் தொடங்கும், அதே பேட்டரியிலிருந்து எடுத்து. 55 ஆம்ப் கன்வெர்ட்டர் முழு மூச்சில் ஓடினால் ஏசி பக்கம் 880 வாட் கேட்கும். அதைக் கொடுக்கப் பேட்டரி 80 ஆம்ப் விடும், திரும்ப வருவது 55. மணிக்கு 25 ஆம்ப்-அவர் சூடாகப் போய்விடுகிறது. பேனலில் கன்வெர்ட்டர் பிரேக்கரை அணைத்ததும் மீட்டர் சட்டென்று இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

இதே மாதிரி மொத்த ஆர்வி-க்கும் ஊட்டும்போது எலெக்ட்ரிக் வாட்டர் ஹீட்டரையும் பாருங்கள். ஆட்டோ மோடில் விட்ட அப்ஸார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் இன்னொரு எமன். 120 வோல்ட் வந்ததும் கேஸை விட்டுக் கரண்டுக்குத் தாவிவிடும்.

நிரந்தரத் தீர்வு, ஃப்ரிட்ஜ் பிளக் ஒன்றை மட்டும் இன்வெர்ட்டரிலிருந்து தனி வயரில் எடுப்பது. கேம்ப்கிரவுண்ட் கரண்டிலும் அதே பிளக் வேலை செய்ய வேண்டுமானால் அந்தச் சர்க்யூட்டில் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் வையுங்கள். டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் இல்லாமல் இன்வெர்ட்டர் அவுட்புட்டும் வெளிக்கரண்டும் ஒரே வயரில் சந்தித்தால் இன்வெர்ட்டர் அந்த இடத்திலேயே எரிந்துபோகும்.

அறிகுறி 5: பகலில் எல்லாம் சரி, நடுராத்திரி மட்டும் அலாரம்

டிஃப்ராஸ்ட் ஹீட்டர். பனி படியாத ஃப்ரிட்ஜ்களில் இடையிடையே கம்ப்ரசரை நிறுத்திவிட்டு 400 முதல் 600 வாட் ஹீட்டர் இருபது நிமிடம் போல எரியும். அதாவது பேட்டரியிலிருந்து 40 முதல் 55 ஆம்ப். ராத்திரிக்குள் பாதி காலியான லெட்-ஆசிட் பேட்டரி கம்ப்ரசரின் 12 ஆம்பைத் தாங்கிவிடும். இதைத் தாங்காது, வோல்ட் 11-க்குக் கீழே சரியும். வாட் மீட்டரை ஒரு நாள் முழுக்க மாட்டி வைத்து அதிகபட்ச வாட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். 500 வாட் இன்வெர்ட்டர் வாங்கி "ஃப்ரிட்ஜ் 150 வாட்தானே" என்று நிம்மதியாக இருந்தவர்கள் சிக்குவதும் இங்கேதான்.

அறிகுறி 6: ஜிஎஃப்சிஐ அடிக்கடி ட்ரிப் ஆகிறது, அல்லது ஃப்ரிட்ஜ் உடம்பைத் தொட்டால் சுரீர் என்கிறது

சுரீர் என்றால் உடனே நிறுத்துங்கள். கேம்ப்கிரவுண்ட் கரண்டில் இருக்கும்போது இது வந்தால் ஆர்வி-யின் கிரவுண்ட் எங்கோ அறுந்திருக்கிறது, முழு வண்டியின் தகடும் லைவ். ஈரத் தரையில் நின்று கதவைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஷோர் வயரைப் பிடுங்கிவிட்டு பெடஸ்டல் (கேம்ப்கிரவுண்டின் கரண்ட் கம்பம்) பிளக், அடாப்டர், ஷோர் வயரின் கிரவுண்ட் பின் மூன்றையும் சோதியுங்கள். சரிசெய்தபின் தரையில் ஊன்றிய கம்பிக்கும் வண்டியின் உலோகத்துக்கும் நடுவே அளந்தால் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் என்றால் அவுட்புட் பிளக்கில் மூன்று அளவு எடுங்கள். லைவுக்கும் கிரவுண்டுக்கும் 120, நியூட்ரலுக்கும் கிரவுண்டுக்கும் கிட்டத்தட்ட 0 என்றால் நியூட்ரலும் கிரவுண்டும் உள்ளே இணைந்திருக்கின்றன, சரியான நிலை. இரண்டிலும் 60, 60 என்று காட்டினால் நியூட்ரல் மிதக்கிறது. மலிவு மாடல்கள் பல இப்படித்தான். அதற்காக நீங்களே ஒரு ஜம்பர் போட்டு நியூட்ரலைக் கிரவுண்டில் கட்டிவிடாதீர்கள். இரண்டு கம்பியும் லைவாக இருக்கும் டிசைன்களில் அப்படிச் செய்தால் அவுட்புட் பகுதி வெடித்துவிடும். மேனுவல் அனுமதித்தால் மட்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நியூட்ரல்-கிரவுண்ட் இணைப்பு ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும்: வெளிக்கரண்டில் இருக்கும்போது பெடஸ்டல் பக்கம், இன்வெர்ட்டரில் ஓடும்போது இன்வெர்ட்டருக்குள். ஆர்வி-யின் பேனலிலும் யாராவது வெள்ளை (நியூட்ரல்) பாரையும் கிரவுண்ட் பாரையும் சேர்த்துக் கட்டியிருந்தால் ஜிஎஃப்சிஐ நிற்கவே நிற்காது. வாகனங்களுக்கான யூஎல் 458 முத்திரை உள்ள, டிரான்ஸ்ஃபர் ரிலே வைத்த மாடல்கள் இந்த இணைப்பைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும்.

அறிகுறி 7: கேபிளை மாட்டியதும் பெரிய தீப்பொறி, லித்தியம் பேட்டரி செத்ததுபோல் ஆகிவிடுகிறது

இன்வெர்ட்டருக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் ஒரே மூச்சில் நிறைவதால் வரும் பொறி அது. லெட்-ஆசிட்டில் பொறியோடு போகும். லித்தியத்தில் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டான பிஎம்எஸ் இதை ஷார்ட் என்று நினைத்து வெட்டிவிடும், டெர்மினலில் பூஜ்யம் வோல்ட் காட்டும். லோடைக் கழற்றி சார்ஜர் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். இனி மாட்டும்போது பாசிட்டிவ் கேபிளுக்கும் போல்ட்டுக்கும் நடுவே 30 முதல் 50 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை ஐந்து நொடி பிடித்துவிட்டு, அதை எடுத்த கையோடு கேபிளைச் சேருங்கள். இன்வெர்ட்டர் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கட்டும். முனை மாற்றி மாட்டிய பொறி வேறு. அது உள்ளே இருக்கும் ஃப்யூஸையோ மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களையோ கொன்றுவிடும், பிறகு ஃப்யூஸ் மாற்றினாலும் உயிர் வருவது அபூர்வம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஎம்எஸ் வெட்டினால் அதன் ஆம்ப் அளவைப் பாருங்கள். 100 ஆம்ப்-அவர் லித்தியம் ஒன்றின் பிஎம்எஸ் வழக்கமாக 100 ஆம்ப்தான் தொடர்ந்து தரும். 2000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் அதைப்போல் இரண்டு பங்கு கேட்கும்.

அறிகுறி 8: ஃப்ரிட்ஜ் உறுமுகிறது, கம்ப்ரசர் கை வைக்க முடியாத சூடு

மாடிஃபைட் சைன் இன்வெர்ட்டர். அந்தப் படிக்கட்டு அலையில் மோட்டார் சூடேறும், ஃப்ரிட்ஜின் எலெக்ட்ரானிக் போர்டு போகும். சமாளிக்க வழி இல்லை, ப்யூர் சைன் வாங்குங்கள். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பது சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை: ட்ரூ ஆர்எம்எஸ் இல்லாத பழைய மீட்டரில் அளந்தால் மாடிஃபைட் சைன் 95 வோல்ட் அருகே காட்டும், ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் 120 அருகே காட்டும். ப்யூர் சைனில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

அறிகுறி 9: வண்டி ஓடும் நேரம் முழுக்க சார்ஜ் ஆகியும் பேட்டரி ஏறவில்லை

டிரெய்லர் என்றால் அதை டிரக்கோடு இணைக்கும் 7-பின் கனெக்டரை நம்பியிருக்கிறீர்கள். டிரக்கின் ஆல்டர்னேட்டரிலிருந்து 10, 12 கேஜ் வயரில் முப்பது அடி தாண்டி வருவதற்குள் வோல்ட் தேய்ந்து, கிடைப்பது 5 முதல் 10 ஆம்ப். மேலே போட்ட கணக்கில் ஃப்ரிட்ஜும் இன்வெர்ட்டரும் சேர்ந்து சராசரியாக 5.5 ஆம்ப் எடுக்கின்றன. அதிர்ஷ்டம் இருந்தால் சமன் ஆகும். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உள்ள புது டிரக்குகள் வோல்ட்டைத் தாழ்த்திவிடும்போது அதுவும் கிடைக்காது.

இதற்குத் தீர்வு, ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைச் சரிசெய்து பேட்டரியை ஏற்றும் டிசி-டிசி சார்ஜர், அதற்கெனத் தனிக் கேபிள். இதே முப்பது அடி தூரத்துக்கு 20 ஆம்ப் சார்ஜர் என்றால் 6 கேஜ், 40 ஆம்ப் என்றால் 4 கேஜ், டிரக்கின் பேட்டரி முனையிலும் டிரெய்லர் பேட்டரி முனையிலும் ஃப்யூஸ். குளிர்காலத்தில் லித்தியம் பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, பல பேட்டரிகளில் பிஎம்எஸ் தடுத்துவிடும். அதைப் பழுது என்று எண்ணிச் சார்ஜரை மாற்றாதீர்கள்.

வயரிங்கைப் புதிதாகவே போடுவது என்று முடிவெடுத்தால்

1000 வாட் இன்வெர்ட்டர், பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில் 108 ஆம்ப் எடுக்கும். ஃப்யூஸ் 150 ஆம்ப். கேபிள் ஐந்தடிக்குள் 2 கேஜ், பத்தடி வரை 1/0. 2000 வாட் என்றால் 216 ஆம்ப், ஃப்யூஸ் 300, கேபிள் ஐந்தடிக்குள் 2/0, அதற்கு மேல் 4/0. கேபிள் காப்பு 105 டிகிரி தாங்கும் ரகமாக இருக்கட்டும்.

லித்தியம் பேட்டரிக்கு டி கிளாஸ் (Class T) ஃப்யூஸ். ஷார்ட்டில் லித்தியம் ஆயிரக்கணக்கான ஆம்ப் கொட்டும். ஏஎன்எல் வகை ஃப்யூஸின் வெட்டும் திறன் (பாதுகாப்பாகத் துண்டிக்கக்கூடிய ஷார்ட் கரண்ட்) பொதுவாக 6000 ஆம்ப், டி கிளாஸுக்கு 20,000. லெட்-ஆசிட்டுக்கு ஏஎன்எல் போதும். படகுகளுக்கான ஏபிஒய்சி விதி ஃப்யூஸைப் பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் வைக்கச் சொல்கிறது. ஆர்வி-க்கும் அதையே பின்பற்றுங்கள். ஃப்யூஸ் கேபிளைக் காப்பாற்றத்தான், இன்வெர்ட்டரை அல்ல. அதை இன்வெர்ட்டர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் நடுவில் இருக்கும் கேபிளுக்குக் காவல் இல்லை.

இன்வெர்ட்டரின் உடம்பை வண்டியின் சேஸிஸோடு இணைக்கும் கிரவுண்ட் கேபிள், டிசி கேபிளைவிட ஒரு கேஜ் மட்டுமே மெலிதாக இருக்கலாம். பச்சை நிறச் சின்ன வயரை இங்கே காண்பது சகஜம். பாசிட்டிவ் கேபிள் உடம்பில் உரசினால் ஃப்யூஸ் போவதற்கு முன் அந்த வயர் எரிந்துவிடும்.

இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். ஆனால் தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட் பேட்டரி இருக்கும் அதே மூடிய பெட்டிக்குள் வேண்டாம், அங்கே ஹைட்ரஜன் சேரும். புரொப்பேன் சிலிண்டர் அறைக்குள்ளும் கூடவே கூடாது. விசிறியின் இரு பக்கமும் மேனுவல் சொல்லும் இடைவெளியை விடுங்கள். ஏசி வயரை நீளமாக இழுக்கலாம், டிசி கேபிளை அல்ல: ஃப்ரிட்ஜ் முப்பதடி தள்ளி இருந்தால் 14 கேஜ் ஏசி வயர் அதைச் சுமக்கும், வண்டி ஆடும் இடத்தில் ஒற்றைக் கம்பி வயருக்குப் பதில் பல இழை வயர் நல்லது. எல்லா நட்டையும் மேனுவல் சொல்லும் டார்க்கில் முறுக்கி, முதல் நீண்ட பயணம் முடிந்ததும் பேட்டரியைத் துண்டித்துவிட்டு மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். குலுங்கலில் ஏதாவது ஒன்றாவது அரைச் சுற்றுத் தளர்ந்திருக்கும்.